துடைத்த பின் அளக்கவும்

வேலைக்குத் திரும்ப இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. மத்திகிரியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படுத்துப் படுத்து முதுகு வலிக்கிறது. நடந்தால் கால் நடுங்குகிறது. எழுதுவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் பெண்கள் போனில் என்ன ஆச்சு, எப்படித் தெரிஞ்சது, இப்ப என்ன சாப்பிடுற என்று ஒரே மாதிரிக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் முழுக்க ஒரு தடவை.

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டாண்டர்ட் ரூமில் இருக்கிறேன். லேத்திலிருந்து வரும் பாகங்களை அளந்து, சரி என்றோ தள்ளுபடி என்றோ முத்திரை வைப்பது என் வேலை. அங்கே கதவுக்கு எதிரே ஒரு பலகை தொங்குகிறது. நான் எழுதி மாட்டியது. முதல் வரி: துடைத்த பின் அளக்கவும். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் பாகம் மயிரிழையில் ஒரு பங்கு தடிமன் கூடக் காட்டும். நல்ல பாகம் தள்ளுபடியாகும், கெட்ட பாகம் வண்டியில் ஏறும். லேத் ஆபரேட்டர் முனிராஜ் அண்ணன் பாகத்தை ஜன்னலில் வைத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "துடைச்சிங்களா?" மூன்று வருடமாக ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை.

நோய் ஒரே நாளில் வரவில்லை. எனக்குக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. மே மாத நோட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் ஒரு ஷிப்டுக்கு நான்கு பாட்டில். பாத்ரூம், எண்ணவில்லை. யூனிஃபார்ம் பேன்ட் இடுப்பில் நழுவுகிறது, ஊக்கு போட்டேன். வெர்னியர் அளவுகோலின் கோடுகள் மங்கல், கண்ணாடி மாற்ற வேண்டும். மாடி ஏறினால் தொடை வலி. எல்லாம் தனித்தனிப் பக்கங்களில் இருந்தன. சேர்த்துப் பார்க்கவில்லை. வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். களைப்புக்குக் கரும்புச் சாறு குடித்தேன், தினமும் இரண்டு டம்ளர். அதையும் குறித்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்டில் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். மூச்சு ஓடி வந்தவளைப் போல இரைத்தது. முனிராஜ் அண்ணன்தான் கம்பெனி வண்டியில் கூட்டிப்போனார். அவசரப் பிரிவில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் வைத்தார்கள். எண் வரவில்லை. ஆங்கிலத்தில் 'ஹை' என்று மட்டும் வந்தது. கருவியால் அளக்க முடிகிற எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அது எனக்கு யாரும் விளக்காமலே புரிந்தது. எங்கள் அறையிலும் அப்படி வரும் பாகத்தைத் தனிக் கூடையில் போடுவோம்.

நடந்தது என்னவென்று டாக்டரம்மா பிறகு சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தாலும், அதை உடல் உபயோகிக்க இன்சுலின் வேண்டும். இன்சுலின் இல்லாவிட்டால் உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும். அதில் வரும் கழிவு ரத்தத்தைப் புளிக்க வைக்கும். வாந்தியும் மூச்சிரைப்பும் அதனால்தான். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் இருந்தேன். அங்கே மணிக்கொரு தடவை விரல் குத்துவார்கள். எந்த விரல், எந்தப் பக்கம் என்று நானே முறை வைத்துக் கொடுத்தேன். எனக்கு அங்கே செய்ய இருந்த ஒரே வேலை அது.

அம்மா சாத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது என்னைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பாவுக்கு வந்ததா?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். அப்பாவுக்குச் சர்க்கரை பல வருடம் தெரியாமலே இருந்து, தெரிந்தபோது சிறுநீரகம் போயிருந்தது. நான் பள்ளியில் படித்த காலம் முழுக்க வாரம் மூன்று நாள் மதுரைக்கு டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவருக்கு அனுமதி. ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, காலை இது, மதியம் இது என்று பிரித்துக் கொடுப்பேன். நான் செய்த முதல் அளவு வேலை அது. நான் டிப்ளமோ சேர்ந்த வருடம் அவர் போய்விட்டார்.

டாக்டரம்மா என் விஷயத்தில் இரண்டு சாத்தியங்களைச் சொன்னார். ஒன்று, உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கி இன்சுலினை நிறுத்துவது. முதல் வகை என்பார்கள். இளம் வயதில் திடீரென வரும், ஊசி வாழ்நாள் முழுக்க வேண்டும். ஆனால் புதிதாக வந்தது என்பதால் உறுப்புகள் கெட்டிருக்காது. இன்னொன்று, அப்பாவுக்கு இருந்ததைப் போல நெடுநாள் சத்தமில்லாமல் இருந்து இப்போது முற்றியது. எது என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை பெங்களூருவுக்குப் போயிருக்கிறது, சில நாள் ஆகும். சேர்த்த அன்று சிறுநீரில் புரதம் வந்திருக்கிறது. உடல் அப்படித் தடுமாறும்போது தற்காலிகமாக வருவதுண்டு, தேறியதும் மறுபடி பார்ப்போம் என்றார்.

புரதம் என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. அப்பாவுக்கும் அதில்தான் தொடங்கியது.

மருத்துவமனையில் நாள் நீளமானது. ஐந்தரைக்கு விரல் குத்தல், ஆறுக்குத் தரை துடைப்பு, எட்டுக்கு ஊசி, பிறகு இட்லி இரண்டு. எதிர்க் கட்டிலில் தெலுங்கு, பக்கத்தில் கன்னடம். செவிலியர் செல்வி சிஸ்டர் மூன்றிலும் திட்டுவார். டிரிப்ஸ் ஏற்றிய வலது முன்கையில் நரம்பு வீங்கிக் கயிறுபோல ஆனதால் ஊசியை இடது கைக்கு மாற்றினார்கள். அம்மா அன்றே வெளியே போய் மஞ்சள்தூள் வாங்கி வந்தாள். வெந்நீரில் குழைத்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பத்துப் போடுவாள். காய்ந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடுவாள். துடைப்பது எனக்காக இல்லை, செல்வி சிஸ்டர் திட்டுவார் என்பதற்காக. காலையும் மாலையும் இது நடந்தது. இதமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லும் தெம்பும் எனக்கு இல்லை.

ஐந்தாம் நாள் ஷில்பா வந்தாள். பெங்களூருவில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் குழுவில் வேலை, செவ்வாயும் வெள்ளியும் இங்கே வருவாள். என்னைவிடச் சின்னவள். ரத்தம் எடுக்காமல், தோலில் ஒளியைப் பாய்ச்சிச் சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். அந்தக் கருவிகள் வெள்ளைத் தோலை வைத்துச் செய்தவையாம். நம் நிறத்துக்கு எப்படி வேலை செய்கின்றன என்று தெரிய வேண்டுமாம்.

"நம்ம கலர் டேட்டா அவங்க கிட்ட இல்ல அக்கா. நீங்க குடுத்தா தானே வரும்?"

கொடுக்கிறேன் என்றேன். கருவிகளைப் பார்க்கும் ஆசைதான் முக்கியக் காரணம்.

இரண்டு கருவிகள். ஒன்று விரலில் மாட்டும் கிளிப். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விரல் வழியாகப் போகும். மறுபக்கம் எந்த அளவு வருகிறது என்பதை வைத்து அந்த நேரத்துச் சர்க்கரையைக் கணிக்கும். குத்தல் இல்லாமல் சர்க்கரை பார்ப்பது என்பது விரல் முழுக்கத் துளையாக இருந்த எனக்குப் பெரிய விஷயம். நானே ஒரு அட்டவணை போட்டேன், குத்திப் பார்த்தது ஒரு பக்கம், கிளிப் சொன்னது ஒரு பக்கம். 238க்கு 160 என்றது. 152க்கும் 160 என்றது. கையைத் தேய்த்துச் சூடாக்கினால் ஒன்று, கிளிப்பை அழுத்தினால் வேறொன்று. விரலுக்குள் தண்ணீர், கொழுப்பு, நிறம், துடிப்பு எல்லாம் ஒளியை மாற்றுகின்றன. அந்தக் கூட்டத்தில் சர்க்கரையின் குரல் மிகச் சன்னமானது. ஷில்பாவே இது இன்னும் குழந்தை அக்கா என்றாள். நான் கிளிப்பை நம்பவில்லை.

பெட்டியை நம்பினேன். அது கனமாக, சத்தமில்லாமல் இருந்தது. நல்ல கருவி கனமாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். முன்கையின் உட்புறத்தை அதன் கண்ணாடி மேல் வைக்க வேண்டும். ஊதா ஒளி அடிக்கும், தோல் பதிலுக்கு மெல்லிய வெளிச்சம் ஒன்று விடும், பெட்டி அதை அளக்கும். தோசைக்கல்லில் மாவு சிவப்பதைப் போல, சர்க்கரை உடலின் புரதங்களோடு ஒட்டி மெதுவாக ஒரு பழுப்புப் பொருளாகிறது. அது வருடக்கணக்கில் தோலில் படிகிறது, ஊதா ஒளியில் ஒளிர்கிறது. அதிகம் ஒளிர்ந்தால் சர்க்கரை அதிக வருடம் இருந்திருக்கிறது என்று பொருள். கண்ணும் சிறுநீரகமும் கெட்டிருக்கும் வாய்ப்பும் அதோடு கூடும். வழக்கமான பரிசோதனை மூன்று மாதத்தைச் சொல்லும், இது வருடங்களைச் சொல்லும்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அதுதான்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: தோலில் க்ரீம், சன்ஸ்கிரீன் ஏதும் பூசியிருக்கிறீர்களா? நான் க்ரீம் பூசுகிறவள் இல்லை. இல்லை என்று டிக் அடித்தேன். இடது கையில் ஊசி இருந்ததால் வலது கையை வைத்தேன். மூன்று முறை அளந்தாள். 4.6, 4.5, 4.6. என் வயதுக்கு இரண்டுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். திரையில் வயதுக் கோடுகள் பச்சை, மஞ்சள், சிவப்பாக ஓடின. என் புள்ளி எழுபது வயதுக்காரர்களுக்கும் மேலே, சிவப்பில் நின்றது.

ஷில்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"இது ஸ்டடிக்கு மட்டும் அக்கா. டாக்டர் இதை வெச்சு ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். டாக்டரம்மாவும் அதையே சொன்னார், சிறுநீர்ப் பரிசோதனைதான் முடிவு என்று. ஆனால் மூன்று முறையும் ஒன்றுபோல வந்த எண்ணை நான் எப்படித் தள்ளுவது? ஒன்றுபோல வருவது வேறு, சரியாக வருவது வேறு என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான். அன்று அது எனக்கு ஞாபகம் வரவில்லை. தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதினேன். மத்திகிரிக்குப் பக்கத்தில் டயாலிசிஸ் எங்கே இருக்கிறது, எந்த ஷிப்டு கேட்கலாம், கம்பெனி இன்ஷூரன்ஸ் எதுவரை வரும். எழுதி முடித்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். தூக்கம்தான் வந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நோட்டுக்குள் இருந்த தாளை எப்போதோ பார்த்திருக்கிறாள், சிவப்பு தெரியும். சனிக்கிழமை காலை செல்வி சிஸ்டர் ஊசி போட வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கம்மா கீழ லேப்ல நிக்கறாங்க. அவங்க ப்ளட் குரூப் பார்க்கணுமாம். யாருக்குன்னு கேட்டா சொல்லமாட்டேங்கறாங்க."

அம்மா திரும்பி வந்தபோது விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவுக்கு என் கிட்னியத் தாரேன்னேன். சேராதுன்னுட்டாக. உனக்குச் சேரும். பி பாசிட்டிவ். ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், கேட்டுட்டேன்."

அதைச் சொல்லிவிட்டு மஞ்சளைக் குழைக்க வெந்நீர் வாங்கப் போனாள். நான் அந்தக் கட்டிலில் அவ்வளவு களைப்பாக என்றும் இருந்ததில்லை.

அன்று மதியம் முனிராஜ் அண்ணன் வந்தார். கையில் ஒரு பை. அவருக்கு வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு இருக்கிறது.

"சக்கரைன்னு தெரிஞ்சும் மாங்கா எடுத்தாந்துக்கிறேன் மேடம், திட்டாதீங்க. காயாத்தான் எடுத்தாந்தேன். ஊறுகாய் போட்டுக்கலாம்."

அம்மா சிரித்துவிட்டாள், வந்த பிறகு முதல் தடவை. என் கையில் பத்துப் போட்டுக்கொண்டே அவருக்கு நாற்காலியைக் காட்டினாள். அவர் மஞ்சள் கையைப் பார்த்து, யாராவது பொண்ணு பார்க்க வராங்களா என்று கிண்டல் செய்தார். கட்டில் மேல் நோட்டும் தாளும் கிடந்தன. அம்மாவுக்குத் தெரிந்துவிட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது. தாளைக் கொடுத்தேன். ஊதா ஒளி, தோல் ஒளிர்வது, சிவப்புப் புள்ளி எல்லாம் சொன்னேன். அவர் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். என்னைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் அதைக் கேட்டார்.

"துடைச்சிங்களா மேடம்?"

நான் என் கையைப் பார்த்தேன்.

எங்கள் கம்பெனியில் பிரேக் பாகங்களில் விரிசல் தேடும் முறை ஒன்று உண்டு. ஒளிரும் திரவத்தைத் தடவி, கழுவிவிட்டு, இருட்டில் ஊதா விளக்கைக் காட்டுவார்கள். விரிசலுக்குள் தங்கிய திரவம் பச்சையாக ஒளிரும். சரியாகக் கழுவாத பாகம், விரிசலே இல்லாவிட்டாலும், முழுக்க ஒளிரும். அப்படி வந்தவற்றை எத்தனை தடவை கழுவி வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மஞ்சளும் ஊதா ஒளியில் ஒளிரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மஞ்சள் என் மனதில் 'தோலில் பூசிய பொருள்' என்ற இடத்தில் இல்லவே இல்லை. படிவம் க்ரீமைக் கேட்டது. அம்மா போடும் பத்து எந்தப் படிவத்திலும் வராத ஒன்று.

அம்மா பத்தைத் துடைத்த பிறகு ஸ்பிரிட் பஞ்சால் முன்கையைத் தேய்த்தேன். என் தோலில் எதுவுமே தெரியவில்லை, நான் நல்ல கறுப்பு. பஞ்சு மஞ்சளாக வந்தது. இன்னொன்று. அதுவும் மஞ்சள். ஆறாவது பஞ்சும் வெளுக்கவில்லை.

"நாலு நாளா ஊறியிருக்குது," என்றார் முனிராஜ் அண்ணன். "நீங்களே ரிஜெக்ட் பண்ணியிருப்பீங்க மேடம்."

அம்மா மஞ்சள் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவர் போன பிறகு கேட்டாள்.

"மஞ்சப் போட்டதால கெட்டுப்போச்சா?"

"கை கெடலம்மா. கணக்குத்தான் கெட்டுது."

அவளுக்கு அது சமாதானமாகவில்லை. இரவுச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டாள்.

ஞாயிறும் திங்களும் கழிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சோப்புப் போட்டுக் கையைக் கழுவியதைத் தவிர. செவ்வாய்க்கிழமை ஷில்பா வந்ததும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பெட்டியைக் கட்டில் பக்கம் தள்ளி வந்தாள். டிரிப்ஸ் முடிந்து இடது கை விடுபட்டிருந்தது. அந்தக் கையில் அதுவரை யாரும் எதுவும் பூசியதில்லை. முதலில் அது. 2.1, 2.0, 2.1. பிறகு மூன்று நாள் கழுவிய வலது கை. 3.0. ஒரே ஆளின் இரண்டு கைகளுக்கு வேறு வேறு வயது. அவள் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்தாள். பேராசிரியருக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் நீளமாகப் பேசினாள். நடுவில் 'அரிசினா' என்று பல தடவை வந்தது. கன்னடத்தில் மஞ்சள்.

"போன வாரம் அஞ்செட்டியிலேந்து ஒரு அம்மா வந்தாங்க அக்கா," என்றாள் போனை வைத்துவிட்டு. "தினமும் மஞ்ச தேச்சுக் குளிக்கறவங்க. அவங்க ரீடிங்கும் செவப்புதான். திரும்பக் கூப்பிடணும்."

படிவத்தில் க்ரீம் என்ற வரிக்குக் கீழே பேனாவால் மஞ்சள், மருதாணி என்று எழுதிக்கொண்டாள். இரண்டு புள்ளி ஒன்றும் என் வயதுக்குக் கொஞ்சம் கூடுதல்தான். உடம்பு இப்படி அலைக்கழிந்த நேரத்தில் அப்படி வரலாம் என்றாள். வரலாம். இனி ஒரு எண்ணைப் பார்த்து மகிழ்வதையும் நான் அவசரமாகச் செய்யப் போவதில்லை.

புதன்கிழமை சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. புரதம் இல்லை. அன்றே பெங்களூரு முடிவும் வந்தது. முதல் வகை, புதிதாக வந்தது. தினமும் நான்கு ஊசி, வாழ்நாள் முழுக்க. டாக்டரம்மா அதை எனக்கு வருத்தத்தோடு சொன்னார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வருத்தத்தில் எங்களால் கலந்துகொள்ள முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. இடது கையில் ஊசி இருந்த இடமும் இப்போது வீங்கியிருக்கிறது. நேற்று அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து நின்றாள். நீட்டிய கையைத் தொடவில்லை.

"எந்தக் கை ஒங்க மிசினுக்கு? மொதல்லயே சொல்லிரு."

ஷில்பா மறுபடி அளப்பது மூன்று மாதம் கழித்து. அதற்குள் தோல் தானே உரிந்து புதிதாகிவிடும். இருந்தாலும் வலது என்றேன். வலது கை மிஷினுக்கு, இடது கை அம்மாவுக்கு என்று முடிவானது.

அவள் ஊருக்குப் போக டிக்கெட் போடுவதற்காகப் பர்ஸிலிருந்து ஆதார் கார்டை எடுக்கச் சொன்னாள். கார்டுக்குப் பின்னால் நான்காக மடித்த ஒரு சீட்டு இருந்தது. மருத்துவமனை லேப் சீட்டு. அவள் பெயர், வயது, பி பாசிட்டிவ்.

"இது இனி எதுக்கும்மா? கிழிச்சுப் போடவா?"

அவள் சீட்டை என் கையிலிருந்து வாங்கி, அதே மடிப்பில் மடித்து, பர்ஸுக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"கெடக்கட்டும். அது என்ன சோறா கேக்குது?"